துறை மன்றத்தில் பெயர் கொடுக்கும் முன்: கொங்குப் பகுதிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலாமாண்டு வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே சீனியர்கள் கூகுள் ஃபார்மோடு வகுப்பறைக்குள் வந்துவிடுவார்கள். கோடிங் கிளப், ரோபோட்டிக்ஸ் கிளப், கணித மன்றம், ஐ.இ.இ.இ. மாணவர் கிளை, எஸ்.ஏ.இ. கிளப், தமிழ் மன்றம், துறை அசோசியேஷன் என்று வரிசையாக வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுவார்கள். எல்லோரும் தவறாமல் சொல்வது "ரெஸ்யூமுக்கு நல்லதுங்க". பக்கத்து பெஞ்சுக்காரர் பெயர் கொடுத்தார் என்று நாமும் கொடுத்தால், மூன்றாம் மாதம் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிட்டு ஒளிந்து நடக்க வேண்டிவரும்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், கரூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளையும் கலை அறிவியல் கல்லூரிகளையும் மனதில் வைத்து எழுதியது இது. சேர்வதா வேண்டாமா என்பதை இரண்டே கேள்விகள் தீர்மானிக்கின்றன. விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்த மன்றத்தில் என்ன வேலை நடக்கிறது? அது நடக்கும் நேரத்தில் உங்களால் அங்கே இருக்க முடியுமா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நேர்மையான பதிலைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

பெயரை வைத்து வகை சொல்ல முடியாது. "ரோபோட்டிக்ஸ் கிளப்" என்று போர்டு இருக்கும், ஆனால் வருடத்துக்கு ஒரு சிம்போசியம் (துறை சார்ந்த போட்டி விழா) நடத்துவதைத் தவிர வேறு வேலை இருக்காது. "மேத்ஸ் அசோசியேஷன்" என்று சாதாரணமாகப் பெயர் இருக்கும், உள்ளே வாரம் தவறாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நடைமுறையில் நான்கு வகை உண்டு.

வேலை செய்யும் மன்றம். வாரம் ஒருமுறையாவது கூடி, பாடம் சார்ந்த ஏதாவது ஒன்றைக் கையால் செய்வார்கள்: நிரல் எழுதுவது, சர்க்யூட் கட்டுவது, ஆய்வுக்கட்டுரை வாசிப்பது, பழைய வினாத்தாள் போடுவது.

விழா நடத்தும் மன்றம். துறை அசோசியேஷன்களில் பெரும்பாலானவை இந்த ரகம். சிம்போசியம், சிறப்புரை, வினாடி வினா, மலர் வெளியீடு. பாட அறிவு பெரிதாக வளராது. ஆட்களை ஒருங்கிணைப்பது, மேடையில் பேசுவது, ஸ்பான்சர் பிடிப்பது, கணக்கு ஒப்படைப்பது ஆகியவை பழகும். அதுவே வேண்டும் என்பவருக்கு இது நல்ல இடம். பாடம் கற்கலாம் என்று வருபவருக்கு ஏமாற்றம்தான்.

உறுப்பினர் அட்டை மன்றம். ஐ.இ.இ.இ., ஐ.எஸ்.டி.இ., சி.எஸ்.ஐ. போன்ற தொழில்முறை அமைப்புகளின் கிளைகள். சில கல்லூரிகளில் இவை முதல் வகையாகவே நன்றாக இயங்கும். சிலவற்றில் கல்லூரியைச் சோதிக்கும் ஆய்வுக் குழு வரும்போது கோப்பில் காட்டுவதற்காக மட்டும் உயிரோடு இருக்கும்.

கட்டும் அணி. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் அமைப்பு) பாஹா, ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் வண்டிப் போட்டிகளுக்கு வண்டி கட்டுகிறவர்கள். மற்ற மூன்றோடு இதைச் சேர்த்துப் பேசவே கூடாது. இது கிட்டத்தட்ட ஒரு இரண்டாவது டிகிரி. நேரமும் பணமும் பல மடங்கு போகும், கற்றுக்கொள்வதும் பல மடங்கு இருக்கும். ஃபார்முலா பாரத் நம் செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே நடந்துவருவதால் கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி: சேரும் முன்பே பார்வையாளராகப் போய், டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒவ்வொரு அணியும் என்ன பாடு படுகிறது என்று நேரில் பார்த்துவிடலாம். பிரேக் டெஸ்ட் தாண்டாமல் ஓரமாக நிற்கும் வண்டிகளைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சேருங்கள்.

படி 2: பஸ் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இந்த வட்டாரத்தில் மாணவர்களில் பெரும்பகுதி டே ஸ்காலர்கள். காங்கேயத்தில் ஏறி பெருந்துறையில் இறங்குகிறவர், அந்தியூரில் இருந்து ஈரோடு போகிறவர், பொள்ளாச்சியில் இருந்து கோவை வருகிறவர் என்று எல்லோருக்கும் வாழ்க்கையை நிர்ணயிப்பது கல்லூரி பஸ் கிளம்பும் நேரம். மன்றம் 5 மணிக்குக் கூடுகிறது, பஸ் 4.40-க்குக் கிளம்புகிறது என்றால் அது ஹாஸ்டல்காரர்களின் மன்றம். விளம்பரத்தில் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே முதல் கேள்வியே "எத்தனை மணிக்குக் கூடுவீங்க?" என்பதாக இருக்கட்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. மாலை 5.45-க்கு வீடு சேர்ந்து 10.30-க்குப் படுக்கிற ஒருவருக்குக் கையில் இருப்பது நான்கே முக்கால் மணி நேரம். குளியல், சாப்பாடு, வீட்டு வேலை ஒன்றரை மணி. லேப் ரெக்கார்டு, அசைன்மென்ட் ஒன்றேகால் மணி. மிச்சம் இரண்டு மணி. ஐந்து நாளுக்குப் பத்து மணி. அந்தப் பத்து மணிதான் பாடம் படிக்கும் நேரமும். வாரம் நான்கு மணி கேட்கும் மன்றம், படிப்பு நேரத்தில் நாற்பது சதவீதத்தைக் கேட்கிறது. வீட்டில் தறி ஓடுகிறது, சாயங்காலம் நூல் போட ஒரு கை வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், அல்லது திருப்பூரில் பகுதிநேர வேலைக்குப் போக வேண்டும் என்றால் இந்தப் பத்து மணியும் குறையும். அதையும் கழித்து எழுதுங்கள்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு நினைப்பு. 4.30 முதல் 10.30 வரை ஆறு மணி. டீ, மெஸ் வரிசை, துணி, குளியல் இரண்டு மணி. ரெக்கார்டு ஒன்றேகால். மிச்சம் இரண்டே முக்கால். வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால். டே ஸ்காலரைவிட மூன்றே முக்கால் மணிதான் கூடுதல். அதிலும் மாணவியர் விடுதியில் உள்ளே வர வேண்டிய நேரம் முன்னதாகவே இருந்தால், லேபில் 8 மணி வரை இருக்கும் வேலைகள் தானாகக் கழன்றுவிடும்.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 15 வாரம் ஓடும் செமஸ்டரில், வாரம் நான்கு மணி கூடும் வேலை மன்றம் எடுப்பது 60 மணி நேரம். விழா மன்றமோ வாரம் ஒரு மணிதான் கூடும், ஆக 15 மணி. ஆனால் சிம்போசியத்துக்கு முந்தைய பத்து வேலை நாள் தினம் மூன்று மணி, விழா இரண்டு நாளும் பத்துப் பத்து மணி: இன்னொரு 50. மொத்தம் 65. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம், விழா மன்றத்தின் 50 மணி நேரமும் இரண்டே வாரத்தில் வந்து விழும். கல்லூரி அகாடமிக் காலண்டரை எடுத்து, போன வருடம் சிம்போசியம் எந்தத் தேதியில் நடந்தது, இன்டர்னல் தேர்வு எந்தத் தேதியில் வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து நாள்கூட இல்லை என்றால், அங்கே கோ-ஆர்டினேட்டர் பொறுப்பை வாங்கிக்கொண்டு இன்டர்னலில் மார்க் வாங்குவது மிகச் சிலரால்தான் முடியும்.

படி 3: அறையைப் போய்ப் பாருங்கள்

போஸ்டரையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் விட மன்றத்தின் அறை அதிகம் பேசும். ஒரு மாலை சும்மா எட்டிப் பாருங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது? லேப் அசிஸ்டென்ட் 4.30-க்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றால், அதற்குப் பிறகு அங்கே எந்த வேலையும் நடக்க வாய்ப்பில்லை. பொருள் வழங்கும் பதிவேடு இருந்தால் கடைசியாக ஒரு பொருள் வெளியே போன தேதியைப் பாருங்கள். கூட்ட வருகைப் பதிவேட்டில் கடைசிப் பக்கம் சென்ற வருடத்ததா, இந்த மாதத்ததா?

எலெக்ட்ரானிக்ஸ் அறையென்றால் சால்டரிங் அயர்ன் முனையைப் பாருங்கள். வேலை செய்கிற முனையில் ஈயம் பூசி லேசாகப் பளபளக்கும். கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும் முனை, யாரும் சுத்தம் செய்து வைக்கவில்லை என்பதைச் சொல்லும். மல்டிமீட்டரைத் திருகிப் பாருங்கள், பேட்டரி செத்திருந்தால் எத்தனை மாதமாக என்று கேளுங்கள். 3டி பிரின்டர் இருந்தால் அதில் மாட்டியிருக்கும் பி.எல்.ஏ. இழையை லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல இழை வளையும். பட்டென்று ஒடிந்தால் அது நெடுநாளாகத் திறந்தே கிடந்து ஈரம் குடித்திருக்கிறது. அலமாரியில் இருக்கும் பிரின்ட்களையும் கவனியுங்கள்: கியர், பிராக்கெட், உடைந்து திரும்ப அடித்த பாகம் என்று இருந்தால் நல்லது. சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கும் நினைவுப் பரிசு மட்டும் அடுக்கியிருந்தால் அது விழா மன்றம்.

கலை அறிவியல் துறைகளில் கருவிக்குப் பதில் கரும்பலகை. கணித மன்றத்தில் கடைசியாக எந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று கேளுங்கள். மாதவா கணிதப் போட்டிக்கோ எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வுக்கோ தயாராகும் மன்றத்தில் உடனே பதில் வரும். வரலாற்று மன்றமென்றால் கொடுமணல் போயிருக்கிறார்களா என்று கேட்டால் போதும். தமிழி (பழந்தமிழ்) எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் மணி செய்த தடயங்களும் கிடைத்த ஊர் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது. இசைக் கல்வெட்டு இருக்கும் அறச்சலூரும் ஈரோட்டுக்குப் பக்கத்தில்தான். இந்த இரண்டையும் மாணவர்களுக்குக் காட்டாமல் மதுரைக்குச் சுற்றுலா மட்டும் போய்வரும் ஈரோட்டு வரலாற்று மன்றத்தைப் பற்றி என்ன சொல்வது.

தொழில் ஊர்களில் படிப்பதன் பலனையும் இந்த இடத்தில் அளந்து பார்க்கலாம். பம்ப், மோட்டார், ஃபவுண்டரி எல்லாம் கோவையில் கைக்கெட்டும் தூரத்தில். சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். திருப்பூரில் 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டிய நிலை வந்தது. கெமிஸ்ட்ரி, கெமிக்கல், சிவில் மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் கோழித்தீவனமும் லாரியும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி. கொடிசியா வளாகத்தில் இன்டெக் தொழிற்கண்காட்சி நடக்கும்போது மன்றமாக அழைத்துப் போனார்களா? பக்கத்துத் தொழிற்சாலைக்குள் இரண்டு மணி நேரம் கூட்டிப்போய் வரும் மன்றம், ஆடிட்டோரியத்தில் பத்துச் சிறப்புரை வைக்கும் மன்றத்தைவிட மேல்.

படி 4: விலகியவரிடம் கேளுங்கள்

தலைவரிடமும் செயலாளரிடமும் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்பதில்லை, பொறுப்பில் இருப்பவர்களுக்கு மன்றம் உண்மையிலேயே நல்ல அனுபவமாக இருந்திருக்கும். நீங்கள் தேட வேண்டியது போன வருடம் சேர்ந்து பாதியில் நின்ற ஒரு இரண்டாமாண்டு அண்ணாவையோ அக்காவையோ. கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் அரை மணியில் முழுப் படமும் கிடைத்துவிடும்.

போன வருடம் சேர்ந்த முதலாமாண்டுகள் எத்தனை பேர், இப்போது வருகிறவர்கள் எத்தனை பேர்? நாற்பதில் முப்பது பேர் காணாமல் போவது சாதாரணம், அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஏன் போனார்கள் என்பதுதான் முக்கியம். "வேலை கஷ்டமா இருந்துச்சு" என்றால் மன்றம் நன்றாக இருக்கலாம். "ஒரு வருஷம் சேர் தூக்கிப் போட்டதுதான் மிச்சம்" என்றால் தெளிவாகிவிட்டது. முதலாமாண்டுக்கு என்ன வேலை கொடுப்பார்கள், அதில் பாடம் சார்ந்தது எவ்வளவு, ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கும் பிளெக்ஸ் கட்டுவதும் எவ்வளவு என்று கேளுங்கள்.

பொறுப்புகளை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். நேர்காணலா, வேலையைப் பார்த்தா, அல்லது மூன்று வருடமாக ஒரே ஹாஸ்டல் பிளாக்கில் இருந்தே ஆஃபீஸ் பேரர்கள் வருகிறார்களா? கடைசியில் சொன்னது உண்மையென்றால் வேலை கற்கலாம், பொறுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆசிரியர் பொறுப்பாளர் யார், எத்தனை வருடமாக? இதைப் பலர் கேட்பதில்லை. சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒரே ஒரு சாரின் ஆர்வத்தில் ஓடும் மன்றம் அவர் வேறு கல்லூரிக்குப் போன மறு செமஸ்டரில் படுத்துவிடும். இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பில் இருக்கிறார்களா, இறுதியாண்டு போனபின் எடுத்து நடத்த மூன்றாமாண்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வருகைப்பதிவும் ஓ.டி.யும்

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுதக் குறைந்தது 75% வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குத் தக்க சான்றோடு விலக்கு கேட்கலாம். மன்ற வேலை என்று சொன்னால் அந்த விலக்கு தானாக வந்துவிடாது. தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி வேறுபடும், சில இடங்களில் பாடவாரியாகக் கணக்கிடுவார்கள். உங்கள் கல்லூரியில் மொத்தமாகவா, பாடவாரியாகவா என்று வகுப்பு ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று கிரெடிட் தியரி பாடத்துக்கு 45 பீரியட். அதில் 75% என்றால் 34. ஆக 11 பீரியட் போகலாம். காய்ச்சல், கல்யாணம், கோயில் நோம்பி, பஸ் தவறிய நாள் எல்லாம் இந்தப் பதினொன்றுக்குள்தான். மன்றத்துக்காக ஒரு பாடத்தில் நான்கு பீரியடுக்கு மேல் போகிறது என்றால் உஷாராக வேண்டும்.

ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாகப் போனதாக வருகை போடுவது) கிடைத்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. ஓ.டி. வருகையைத் தரும், நடத்திய பாடத்தைத் தராது. லேப் நாளில் ஓ.டி. போட்டால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கு லேப் காலியாக இருக்கும் பீரியடைத் தேடி அலைய வேண்டும். இன்டர்னல் நாளில் ஓ.டி. எடுத்தால் மறுதேர்வு உண்டா இல்லையா என்பது துறைத்தலைவர் கையில். 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் மதிப்பெண் 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்த நாற்பதை அலட்சியமாக விட முடியாது.

ஓ.டி. வாங்கும் முறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: விண்ணப்பம், மன்றப் பொறுப்பாசிரியர் கையெழுத்து, வகுப்பு ஆலோசகர், எச்.ஓ.டி. தப்பு நடக்கும் இடமும் ஒன்றுதான்: "முதல்ல வேலையப் பாருங்க, ஓ.டி. அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். வாங்க மாட்டார்கள், அல்லது வருகைப்பதிவு மூடிய பிறகு பேப்பர் போகும். நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்து வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 6: பணம்

பெரும்பாலான மன்றங்களுக்குச் சிறு சந்தாதான். டி-ஷர்ட்டுக்குத் தனியாகக் கேட்பார்கள். வெளிக்கல்லூரி சிம்போசியங்களுக்குப் போனால் நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் நம்முடையது. ஒரு செமஸ்டருக்கு எத்தனை முறை போக வேண்டிவரும் என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

பணத்தை எப்போதும் ரசீது வாங்கிக்கொண்டே கொடுங்கள். ஒரு சீனியரின் தனிப்பட்ட ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், யார் பெயரில் கணக்கு, பொறுப்பாசிரியருக்குத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. ஒழுங்காக நடக்கும் மன்றம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

ஐ.இ.இ.இ. உறுப்பினர் ஆவதென்றால் தேதியைக் கவனியுங்கள். அதன் உறுப்பினர் ஆண்டு டிசம்பர் 31-இல் முடியும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை சேர்பவர்களுக்கு அரை ஆண்டுக் கட்டணம், ஆனால் அந்த டிசம்பரோடு சரி. ஆகஸ்ட் 16-க்குப் பின் முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை செல்லும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவசரப்படுத்தினால் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அக்டோபரில் நடக்கும் ஐ.இ.இ.இ. எக்ஸ்ட்ரீம் 24 மணி நேர நிரல் போட்டிக்கு உறுப்பினர் எண் வேண்டும். அதில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் ஆகஸ்ட் கடைசி சரியான நேரம்.

கட்டும் அணி என்றால் கணக்கு லட்சங்களில். எஞ்சின், டயர், வெல்டிங், பதிவுக் கட்டணம், பாஹா போட்டிக்கு வண்டியை மத்தியப் பிரதேசம் பீதம்பூர் வரை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவு. "ஸ்பான்சர் வந்துரும்" என்று தொடங்குவார்கள். ஸ்பான்சர் வராவிட்டால் மீதியை யார் போடுவது, தலைக்கு அதிகபட்சம் எவ்வளவு, கல்லூரி நிர்வாகம் எவ்வளவு தரும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பாதி வண்டி நிற்கும்போது கூடுதல் பணம் கேட்டால் யாராலும் மறுக்க முடியாது. அதனால்தான் முன்னாலேயே கேட்பது.

படி 7: சான்றிதழுக்கு உண்மையில் என்ன மதிப்பு

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் முதல் வடிகட்டி மார்க்கும் அரியரும்தான். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60% கேட்கும், நிலுவை அரியர் இருக்கக்கூடாது என்னும். அந்த வாசலைத் தாண்டிய பிறகுதான் மன்றம் பேச்சுக்கு வரும். டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் கேட் தேர்விலும் மன்றச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அரசு வேலை ஒன்றே குறி என்பவர், மன்றத்துக்குப் போகும் நேரத்தை மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுப்பது நல்லது.

நேர்காணலில் "நீங்க அங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். "எக்ஸிகியூட்டிவ் மெம்பரா இருந்தேன் சார்" என்பது பதிலே இல்லை. "தோட்டத்து மோட்டார் ஓடுதா, தண்ணி வருதான்னு போன்ல காட்டுற மாதிரி ஒரு போர்டு செஞ்சோம், அதுல சென்சார் பகுதி என்னோடது, மழைல தண்ணி இறங்கி ரெண்டு தடவ போச்சு, அப்புறம் டப்பாவ மாத்தினோம்" என்றால் அதிலிருந்தே பத்து நிமிடம் பேச்சு நீளும். சேரும் முன் கேளுங்கள்: ஒரு வருடம் கழித்து இந்த மன்றத்தைப் பற்றி என்னால் இப்படி ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா?

மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு இன்னொரு பலன் உண்டு, சான்றிதழைவிடப் பெரியது. வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். பொறுப்பாசிரியர் கூட்டங்களுக்கு வருகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்பது இங்கேதான் கணக்கில் வரும்.

போட்டிகளுக்கு அணி கிடைப்பதும் ஒரு காரணம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஆறு பேர் வேண்டும், அதில் குறைந்தது ஒரு மாணவி. ஐ.சி.பி.சி. நிரல் போட்டிக்கு மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். முன்பின் சேர்ந்து வேலை செய்யாத மூன்று பேர் ஒரு கீபோர்டுக்கு முன் உட்கார்ந்தால் பாதி நேரம் யார் அடிப்பது என்பதிலேயே போய்விடும். ஒரு வருடம் சேர்ந்து பழகிய அணி மன்றத்தில்தான் கிடைக்கும்.

யார் இப்போது சேர வேண்டாம்

முதலாமாண்டு மாணவர்கள் திறந்த கூட்டங்களுக்குப் போகலாம், கேட்கலாம். பெயர் கொடுப்பதை முதல் இன்டர்னல் மார்க் வரும் வரை தள்ளிப்போடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்தச் சில வாரங்கள் மிகவும் தேவை. அவர்கள் சேரும்போதும் முதலில் கையால் செய்யும் வேலை கொடுக்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேடையில் பேசும் பயம் வேலை தெரிந்த பிறகு பாதி தானாகப் போகும்.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்கள் மூன்றாம் செமஸ்டரை மன்றம் இல்லாமல் கடப்பது நல்லது. கணக்குப் பாடம் அவர்களை அந்த செமஸ்டரில்தான் போட்டுப் பார்க்கும். அதன்பின் அவர்கள் மன்றத்துக்குச் சொத்து. லேத், வெல்டிங், வயரிங் தெரிந்த ஆள் எந்தக் கட்டும் அணிக்கும் கிடைப்பது அரிது.

அரியர் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வரட்டும். மூன்றாமாண்டில் புதிதாகச் சேர்வதானால், இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நேரடியாக உதவும் மன்றமாக மட்டும் இருக்கட்டும். இறுதியாண்டில் சேர வேண்டியதில்லை.

இரண்டு மன்றம் ஒன்றாக வேண்டாம். அகலக்கால் வைத்தால் இரண்டிலும் வாலண்டியராகவே இருப்பீர்கள்.

வீட்டில் பேசுவது

"படிக்கப் போறியா, சங்கம் நடத்தப் போறியா?" என்று அப்பா கேட்பது இயல்பு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இந்தக் கவலை இன்னும் கனம். மன்றத்தின் பெருமையைச் சொல்வதால் பயனில்லை. நாள், நேரம், பணம், திரும்பும் வழி நான்கையும் சொல்லுங்கள்: "வாரத்துல புதன் ஒரு நாளுங்ப்பா, ஆறு மணிக்கு முடிஞ்சுரும், ஆறே காலுக்கு டவுன் பஸ் இருக்குது, ஏழரைக்கு ஊட்ல இருப்பேன். சாரும் கூட இருப்பாரு." மாணவிகளுக்கு மாலை நேரம்தான் வீட்டில் தடை என்றால், மதிய இடைவேளையிலோ சனிக்கிழமை முற்பகலிலோ கூட்டத்தை மாற்றக் கேளுங்கள். கேட்டால் மாற்றும் மன்றங்கள் உண்டு, ஒருவர் கேட்டால் பத்துப் பேருக்கு அது வழியாகும். இரவு தங்கும் வேலை, வெளியூர்ப் போட்டி வருமா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 8: நான்கு வார வெள்ளோட்டம்

இவ்வளவும் பார்த்து மனது சாய்ந்தால், சந்தா கட்டாமல் நான்கு வாரம் போய்ப் பாருங்கள். பொறுப்பில் இருக்கும் அண்ணாவுக்கு ஒரு செய்தி போதும்:

"அண்ணா, வணக்கமுங்க. எனக்கு 4.40 பஸ்ஸுங்க, அதனால புதன் மதியமும் சனிக்கிழமையும்தான் வர முடியுமுங்க. ஒரு மாசம் வந்து பாத்துட்டு ஃபார்ம் ஃபில் பண்றனுங்க. ஸ்பான்சர் வேலைக்கு வேண்டாமுங்கண்ணா, டிசைன் டீம்ல சின்னதா ஏதாச்சும் குடுங்க, முடிச்சுத் தர்றேன்."

நேரம், எல்லை, கேட்கும் வேலை மூன்றும் இதில் வந்துவிட்டன. இதற்கு "மொதல்ல மெம்பர்ஷிப் போடு, அப்புறம் பாக்கலாம்" என்று பதில் வந்தால் அதுவே ஒரு தகவல்.

நான்கு வாரமும் ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள்: எவ்வளவு நேரம் போனது, புதிதாக எதைச் செய்யத் தெரிந்தது. நான்கில் இரண்டு வாரமாவது இரண்டாம் வரியில் எழுத ஏதாவது இருந்தால் சேரலாம். நான்கு கூட்டத்தில் இரண்டு, கடைசி நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ரத்தானால் வேண்டாம். படிப்பு நேரம் வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கீழே போயிருந்தாலும் வேண்டாம், மன்றம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

பொருத்தமான மன்றமே இல்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடம் எடுக்கலாம். 12 வாரப் பாடத்தில் வார அசைன்மென்ட்டுகளுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. வாரக் கெடு இருப்பதால் குழு கலையாது. இல்லையென்றால் பிடித்த பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் போய் லேபில் உதவிக்கு நிற்கலாமா என்று கேட்கலாம். பல ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறார்கள்.

படி 9: விலகுவதும் ஒரு வேலை

சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்றால் செமஸ்டர் நடுவில் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். அதே ஆசிரியர்தான் நாளை உங்கள் வைவாவுக்கு உட்கார்ந்திருப்பார். சிம்போசியம் முடிந்த மறுவாரமோ செமஸ்டர் இறுதியோ நல்ல நேரம். பொறுப்பாசிரியரையும் செயலாளரையும் நேரில் பார்த்து, படிப்பு நேரம் போதவில்லை என்று ஒரே காரணத்தைச் சொல்லுங்கள். குறைப் பட்டியல் வாசிக்க வேண்டாம்.

கையில் இருப்பதை எல்லாம் ஒப்படையுங்கள்: அறைச் சாவி, ஆர்டுயினோ போர்டு, ஐ.டி. அட்டை, மன்ற மெயிலின் பாஸ்வேர்டு, உங்கள் கூகுள் டிரைவில் கிடக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் பட்டியல். டிரைவ் கோப்புகளின் உரிமையை மன்றக் கணக்குக்கு மாற்றுங்கள், வெறுமனே பகிர்ந்தால் உங்கள் கல்லூரி மெயில் மூடும் நாளில் அவையும் போய்விடும். பதிவேட்டில் பொருள் திரும்பியதாகக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் இறுதியாண்டில் நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்க வரிசையில் நிற்கும்போது, ரெண்டாமாண்டில் திருப்பிக் கொடுத்த மல்டிமீட்டருக்குப் பணம் கட்டச் சொல்வார்கள்.